சுறாவின் நீளம் உங்கள் கணக்கு, பிடித்த இடம் யார் கணக்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூரை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், கல்லூரி, ஊர் மூன்றையும் எடுத்துவிட்டேன். ஏழு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அப்பா முப்பது வருடம் சுறாத் தூண்டிலுக்குப் போனவர். மகள் விலங்கியலில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு, அரசு உதவித்தொகையில் படிக்கிறார். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலும், நம்ம ஊர்ப் படகுகள் அதிகம் அடைகிற கொச்சி தோப்பும்படியிலும் 34 மாதம் மாறி மாறி நின்று 2,100 சுறாக்களை அளந்திருக்கிறார். 180 திசுத் துண்டுகள் எத்தனால் குப்பிகளில் இருக்கின்றன. அதில் 96-க்கு மரபணு பார்கோடு, அதாவது எந்த இனம் என்று அடையாளம் காட்டும் சிறு மரபணுத் துண்டின் வரிசை, எடுத்தாயிற்று. எந்தச் சுறா எந்த இடத்தில் பட்டது என்பதைப் படகுக்காரர்கள் ஜி.பி.எஸ். பார்த்துச் சொல்ல, இவர் எழுதிக்கொண்டார். அதில் ஒரு பெரியவர், “மோளே, இது உன் நோட்டுக்கு மட்டும்” என்று சொல்லித் தந்தாராம்.

இப்போது மூன்று பக்கமும் இழுபறி. கட்டுரையை ஏற்கும் நிலையில் இருக்கிற ஆய்விதழ், தரவு முழுவதையும் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு வா என்கிறது. கைடு, “வெளியே விட்டால் நாளைக்கே வேறொருத்தன் பேப்பர் போட்டுவிடுவான், ஈரல் எண்ணெயில் ஏதாவது கிடைத்தால் பேட்டன்ட்டும் போச்சு” என்கிறார். இதற்கு நடுவே ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மெயில் வருகிறது: எக்செல் கோப்பும் இருபது குப்பிகளும் அனுப்பினால் இணை ஆசிரியராகச் சேர்த்துக்கொள்கிறோம். “அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் பெரியம்மா மகள் லீவுக்கு வந்திருக்கிறாள், அடுத்த வாரம் திரும்புகிறாள். அவள் பெட்டியில் கொடுத்துவிடலாமா? என் தரவு, நான்தானே முடிவு செய்யணும்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பெட்டியில் குப்பியை வைக்காதீர்கள். ஒரே ஒரு குப்பிகூட வேண்டாம். எத்தனால் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் அதற்குத் தனி விதி உண்டு. அது சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் வக்கீல். சட்டத்துக்கு வருமுன் விலங்கியல் படித்தவன். எம்.எஸ்ஸி. திட்டத்துக்காக மணக்குடிக் காயலில் ஒரு வருடம் நண்டு எண்ணினேன். எழுதிய இரண்டு நோட்டையும் யாராவது காப்பியடித்துவிடுவார்கள் என்று வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்தேன். யாரும் காப்பியடிக்கவில்லை, கறையான்தான் படித்து முடித்தது. ஆகவே உங்கள் கைடின் பயம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் 34 மாத உழைப்புக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி பரண்தான் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். 2 முதல் 22 வருடம் வரை பழைய 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றின் மூலத் தரவு இன்னும் கிடைக்கிறதா என்று அதை எழுதியவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். தரவு உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஒவ்வொரு வருடமும் 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. பழைய கம்ப்யூட்டர், தொலைந்த பென் டிரைவ், மாறிப்போன மெயில் முகவரி, இவ்வளவுதான் காரணம்.

“என் தரவு” என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வார்த்தை அதுதான். நீங்கள் அதை ஒரே மூட்டையாகப் பார்க்கிறீர்கள். அவிழ்த்தால் உள்ளே நான்கு சரக்கு இருக்கிறது, நான்குக்கும் சொந்தக்காரர் வேறு, சட்டம் வேறு.

அளவுகள்: நீளம், எடை, ஆணா பெண்ணா, குட்டி

இதில் பயப்பட எதுவுமில்லை. ஒரு சுறா 214 சென்டிமீட்டர் இருந்தது என்பது ஓர் உண்மை, உண்மைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. பாடுபட்டுச் சேகரித்தேன் என்பதற்காக மட்டும் இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை வராது, கொஞ்சமாவது சொந்தப் படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது. தரவைத் தொகுத்த உழைப்புக்கே பாதுகாப்புத் தரும் தரவுத்தள உரிமை என்று ஐரோப்பாவில் இருக்கும் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அப்படியென்றால் பாதுகாப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது ஒளித்து வைப்பதால் வராது, முதலில் தேதி போட்டு வெளியே வைப்பதால் வரும். செனோடோ, டிரையாட் மாதிரிக் களஞ்சியத்தில் ஏற்றினால் உங்கள் பெயரோடு டி.ஓ.ஐ. என்கிற நிரந்தர இணைய அடையாள எண் கிடைக்கும். அப்புறம் யாராவது எடுத்தாண்டால் உங்களை மேற்கோள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது கருத்துத் திருட்டு, அந்த ஆய்விதழிடம் தேதியோடு ஆதாரத்தை நீட்டலாம். அலமாரிக்குள் இருக்கிற எக்செல்லுக்கு இந்த ஆதாரம் கிடையாது.

உடனே திறந்துவிட வேண்டும் என்றும் இல்லை. ஏற்றிவிட்டு, இன்ன தேதிக்கு அப்புறம் திறக்கட்டும் என்று பூட்டி வைக்கும் வசதி செனோடோவில் இருக்கிறது. இதைக் கைடிடம் சொல்லுங்கள், பாதிக் கோபம் இறங்கிவிடும். ஆய்விதழிடமும் முன்கூட்டியே கேளுங்கள். இந்தக் கட்டுரைக்கு ஆதாரமான வரிசைகளை மட்டும் இப்போது கொடுக்கிறேன், ஆய்வேட்டின் மற்ற அத்தியாயங்களுக்கானவை பிறகு என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் கேட்பது கட்டுரையைச் சரிபார்க்கத் தேவையானதைத்தான், உங்கள் 34 மாதத்தையும் அல்ல. எப்படியும் ஆய்வேடு ஏற்கப்பட்டதும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சேரும் சோத்கங்கா இணையதளத்துக்குப் போகத்தான் போகிறது. ஆக, ‘வெளியே விடாதே’ என்பது ஒன்றிரண்டு வருடப் பேச்சு.

முந்திக்கொள்வார்கள் என்ற பயம் பற்றி இன்னும் ஒன்று. கட்டுரையை, ஆய்விதழ் ஏற்குமுன்பே எல்லோரும் படிக்க வைக்கும் பயோஆர்க்கைவ் போன்ற முன்பதிப்புத் தளத்தில் போட்டால் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உயிரியலில் அந்தக் காலம் மலையேறிவிட்டது. அந்தத் தளம் 2013-லிருந்து இருக்கிறது, பெரும்பாலான உயிரியல் ஆய்விதழ்கள் முன்பதிப்பை ஏற்கின்றன. உங்கள் ஆய்விதழின் விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பி.எல்.ஓ.எஸ். பயாலஜி என்ற ஆய்விதழ் 2018-ல் ஒருபடி மேலே போய், வேறொருவர் முந்தி வெளியிட்டுவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் வரும் இரண்டாவது கட்டுரையைப் புதிதில்லை என்ற காரணத்துக்காகத் தள்ளமாட்டோம் என்றது.

கோப்பை ஏற்றுமுன் ஒரு வேலை பாக்கி. நீங்கள் இணைத்திருந்த எக்செல்லின் முதல் பத்து வரியைப் பார்த்தேன். ‘டி.எல்.’ என்று ஒரு பத்தி. சரி, மொத்த நீளம். வாலை இயல்பாக விட்டு அளந்ததா, நீட்டிப் பிடித்து அளந்ததா? சுறாவுக்கு இதில் கணிசமான வித்தியாசம் வரும், உங்களுக்குத் தெரியாததில்லை. ‘எஸ்2’ என்று இன்னொரு பத்தி, முதிர்ச்சி நிலையாக இருக்கலாம் என்று ஊகித்தேன். ஐந்து வருடம் கழித்து நீங்களே ஊகிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம், எந்த அலகு, காலியாக இருந்தால் அளக்கவில்லையா அல்லது பூஜ்யமா என்று தனியே ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். அது இல்லாமல் போடுவது பூட்டின் சாவியைக் கடலில் எறிந்துவிட்டு வீட்டைத் தானம் செய்தது மாதிரி.

மரபணு வரிசைகள்

உங்கள் துறையில் பகிர்வு என்பது தர்மம் மாதிரி ஆனதற்கு இந்த வகைத் தரவுதான் காரணம். மனித மரபணுத் திட்டத்தில் வேலை செய்தவர்கள் 1996-ல் பெர்முடாவில் கூடி, கிடைத்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். 2020 ஜனவரி 11 அன்று கொரோனா வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வந்தது, 13-ஆம் தேதி மாடர்னா நிறுவனம் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது. இரண்டே நாள். அதைப் பகிர்ந்தவர்கள், எங்கள் பேப்பர் வரட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

சுறா பார்கோடுக்கு அந்த அவசரம் கிடையாது. ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள துண்டுதானே. ஆனாலும் வரிசையைக் களஞ்சியத்தில் சேர்த்ததற்கான பதிவு எண்ணை ஆய்விதழ் கேட்கும். அமெரிக்காவின் பொது மரபணுக் களஞ்சியமான ஜென்பேங்க் மட்டும்தான் வழி என்று நினைத்திருக்கிறீர்கள். ஃபரிதாபாத்தில் 2022 நவம்பரில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் உயிரியல் தரவைப் பகிர 2021-ல் பயோடெக்-பிரைட் என்ற வழிகாட்டுதலும் வந்தது. அரசு உதவித்தொகையில் இருப்பதால் முதலில் அங்கே கேளுங்கள். எங்கே கொடுத்தாலும், வெளியிடும் தேதியை நீங்கள் குறிக்கலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜென்பேங்க்கில் குறிக்கலாம், ஆனால் பதிவு எண் கட்டுரையில் அச்சானதும் வரிசையும் திறந்துவிடும்.

குப்பிகள்

இப்போது அக்காவின் பெட்டிக்கு வருகிறேன். திசு என்பது தகவல் அல்ல, பல்லுயிர்ச் சட்டம், 2002-இன் பார்வையில் அது உயிரியல் வளம். அந்தச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ இந்தியாவின் உயிரியல் வளத்தை ஆராய்ச்சிக்குப் பெறத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. 2023 திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் மாத உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. தூத்தூர்க்காரர்களுக்கு அதிகம் படுகிற சில்க்கி சுறாவும், நீண்ட வால்கொண்ட திரெஷர் சுறாவும் 2016-லேயே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 2022-ல் சில்க்கியின் குடும்பமான ரெக்வியம் சுறாக்கள் முழுவதையும் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் இருக்கும் இனத்தின் ஒரு சிறு துண்டு எல்லை தாண்டவும் ஏற்றுமதி அனுமதி வேண்டும். வியாபாரத்துக்கா ஆராய்ச்சிக்கா என்பது அதற்கப்புறம்தான். 180 குப்பிகளில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இனம், உதாரணமாகத் திமிங்கலச் சுறா, ஏதாவது இருந்தால் அதை வைத்திருப்பதற்கே வனத்துறை அனுமதி தேவை. பார்கோடு முடிவை வைத்து இந்த வாரமே சரிபாருங்கள். இருந்தால் அந்தக் குப்பியைத் தொடாமல், ஒளிக்காமல், கைடிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

எக்செல்லையாவது மெயிலில் அனுப்பலாமா? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆராய்ச்சி முடிவுகளை வெளிநாட்டவருக்குக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டுக் கட்டுரை வெளியிடுவதும் கருத்தரங்கில் பேசுவதும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே. இந்தப் பிரிவையும் 2023-ல் மாற்றி எழுதியிருக்கிறார்கள், பழைய நூலை வைத்துக்கொண்டு சீனியர் யாராவது “ஒன்றும் ஆகாது” என்றால் நம்பாதீர்கள். கட்டுரை வழியாக எல்லோருக்கும் திறப்பது ஒரு வழி. ஒரு தனி ஆளின் இன்பாக்ஸுக்குத் தனியாக அனுப்புவது இன்னொரு வழி. முதல் வழிதான் உங்களுக்குப் பத்திரம். கூட்டாகச் செய்யவேண்டும் என்றால் 5-ஆம் பிரிவில், அரசின் கொள்கைக்கு உட்பட்ட, அரசு அங்கீகரித்த கூட்டு ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. அதைக் கல்லூரிதான் செய்ய வேண்டும், மாணவி அல்ல.

அந்த ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நன்றாக எழுதியிருக்கிறார், ஆசிரியர் இடமும் தருகிறேன் என்கிறார். அவருக்கு இப்படிப் பதில் எழுதினால் போதும்: ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அளவுத் தரவு கட்டுரையோடு வெளியாகும், அதன் எண்ணை அனுப்புகிறேன். மாதிரிகள் அனுப்ப இந்தியச் சட்டப்படி அனுமதி வேண்டும். என் கல்லூரியோடு எழுத்து மூலம் ஒப்பந்தத்துக்குத் தயார் என்றால் என் வழிகாட்டியையும் சேர்த்துப் பேசலாம். இல்லையென்றால் ஆய்வை இங்கேயே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து செய்யலாம்.’ உண்மையாகவே வேலை செய்ய நினைப்பவர் இதற்குப் பதில் போடுவார்.

படகுக்காரர் தந்த இடம்

கடிதத்தில் இதைப் பற்றி நான்கே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது இந்த நான்கு வரியால்தான்.

உங்களிடம் இருப்பது தேதி, படகின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, பிடித்த மீன். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் எல்லைக்கோடு பார்த்தா தூண்டில் விடுகிறார்கள்? நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டுக் கிடந்த கதை உங்கள் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் எக்செல்லை அப்படியே திறந்தால், இன்ன படகு இன்ன தேதியில் இன்ன இடத்தில் நின்றது என்பதற்கு உங்கள் கையெழுத்துப் போட்ட சாட்சி உலகம் முழுக்கக் கிடைக்கும். அடுத்த துறைமுகத்துக்காரர் அந்த இடத்தைத் தேடிப் போவது வேறு கதை. சுறா ஆராய்ச்சி யாரையும் பிடித்துக்கொடுக்கும் வேலையாகிவிடக் கூடாது.

அவர்களே தந்தார்களே, சம்மதம்தானே என்று கேட்கிறீர்கள். தந்தது உங்கள் நோட்டுக்கு. பெரியவர் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். நம்ம ஊர்ப் பிள்ளை என்று நம்பிச் சொன்னதை உலகத்துக்குச் சொல்லச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. உரிமையாளர் பெயரும் போன் நம்பரும் தனிநபர் தரவு, அதற்கு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாயிற்று.

பக்கத்து மலையில் நடந்தது ஞாபகமிருக்கும். 1987-ல் அகத்தியமலையில் காணிக்காரப் பழங்குடியினர் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் செடியைக் காட்டிப் பத்து வருடம் கழித்து. உங்களுக்குப் பத்து வருடம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது அரை மணி நேரம் போதும். என்ன வெளியிடப் போகிறேன், என்ன வெளியிடமாட்டேன் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்கிறவரின் வரிகளை எடுத்துவிடுங்கள். கண்டுபிடித்ததையும் சொல்லுங்கள், குட்டி போடும் மாதம் எது, எந்த அளவில் முதிர்கிறது என்று. இரண்டு விஷயத்தில் உங்களைத் திருத்துவார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுக் கோப்பில் படகுப் பெயர் வேண்டாம், எண் போதும். தேதிக்குப் பதில் மாதம். இடத்தை ஒரு டிகிரிக் கட்டமாக, அதாவது அறுபது கடல்மைல் கட்டமாகப் பெருக்கிப் போடுங்கள். ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு படகு மட்டும்தான் என்றால் அந்தக் கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊரில் எல்லோரும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் தனி நோட்டில், கல்லூரிப் பீரோவில். இப்படிச் செய்தால் ஆய்விதழ் தள்ளிவிடுமோ என்று பயப்படாதீர்கள். மூல இடத்தைத் தராததற்குக் காரணத்தைத் தரவு அறிக்கையில் இரண்டு வரியில் எழுதினால் போதும், மனிதர்களுக்குத் தீங்கு வரும் தரவை மறைப்பது எல்லா நல்ல ஆய்விதழும் ஏற்கும் காரணம்தான்.

கைடிடம் எப்படிப் பேசுவது

பேட்டன்ட் விஷயத்தில் அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. விண்ணப்பம் போடுமுன் வெளியிட்டால் புதுமை போய்விடும், வெளியிட்ட பிறகும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற விலக்கு மிகக் குறுகிய சந்தர்ப்பங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் ஈரலைத் தொடவே இல்லை. நீளமும் எடையும் பேட்டன்ட் ஆகாது. நாளைக்கு அவர் ஈரலில் வேலை தொடங்கினால் அந்த முடிவைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் பல்லுயிர் ஆணையம் போகவேண்டும்.

தரவு யாருடையது என்பதைச் சட்டம் ஒரே வரியில் சொல்லாது. உதவித்தொகை உத்தரவு, பல்கலைக்கழக பிஎச்.டி. விதி, கல்லூரியில் அறிவுசார் சொத்துக் கொள்கை இருந்தால் அது, மூன்றையும் வாங்கி ஒரு மத்தியானம் உட்கார்ந்து வாசியுங்கள். அவர் சம்மதமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிட்டு மறுநாள் சொல்லும் எண்ணம் உங்கள் ஆறாம் பக்கத்தில் லேசாகத் தெரிகிறது. வேண்டாம். ஆய்வேடு அவர் கையெழுத்தில்தான் போகவேண்டும். எதிர்த்துப் பேசாமல் திட்டத்தை எழுதிக் கொண்டுபோங்கள்: எது இப்போது, எது 18 மாதம் கழித்து, எது எப்போதும் இல்லை, ஆசிரியர் வரிசையில் யார் எங்கே. “சார், வேறொருத்தன் முந்துமுன் நம்ம பேரில் தேதி விழட்டும்” என்று தொடங்கினால் அவர் பயமே உங்களுக்கு வக்கீலாக நிற்கும். ஒப்புக்கொண்டதை அன்று மாலையே ஒரு மெயிலாக அவருக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் துறைத் தலைவர், அப்புறம் ஆராய்ச்சிக் குழு. அந்தப் படி ஏறுமுன் எனக்கு ஒருமுறை எழுதுங்கள்.

அக்கா அடுத்த வாரம் கிளம்பட்டும், பெட்டியில் பழமாங்காய் ஊறுகாயோ நெத்திலிக் கருவாடோ போகட்டும், அந்த நாட்டுச் சுங்கம் விட்டால். குப்பிகள் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். லேபிளைப் பென்சிலால்தானே எழுதினீர்கள்? பேனாவில் எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், எத்தனால் பட்டால் மை கரைந்துவிடும்.